டர்கிஷ் ஏர்லைன்ஸ் விமானம் 1951: அந்த "நூறு நொடி" கதையைக் கிளப்பிவிட்டது யார்?

#1 சோழவந்தான் பருந்து

"மூன்று விமானிகள் இருந்தும் நூறு நொடி வேகமானியை ஒருவரும் பார்க்கவில்லை, அதனால்தான் ஒன்பது பேர் போனார்கள்" என்று ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. அது டர்கிஷ் ஏர்லைன்ஸ் 1951ஆம் எண் விமானம் விழுந்த கதை, இஸ்தான்புல்லிலிருந்து ஆம்ஸ்டர்டாம், 2009 பிப்ரவரி 25. வாட்ஸப்பில் வருவதையெல்லாம் திருத்தப் புறப்பட்டால் ஆயுள் போதாது, விடலாம். ஆனால் நம் களத்துக் கோழிக்கோடு விமான விபத்து இழையில் மானுவல் முருகன் அதே வசனத்தை ஒரு புள்ளி மாறாமல் ஒப்பித்திருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு.

நூறு நொடி என்பது த்ராட்டில், அதாவது எஞ்சின் விசை லீவர், ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) கிடந்த நேரம். வேகம் குறைவாக இருந்த நேரம் அதுவல்ல. இரண்டையும் ஒன்றாக்கி வைத்துக்கொண்டுதான் இத்தனை கூத்தும்.

நடந்தது இது. 737-800, உள்ளே 135 பேர். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் நிலையத்து 18ஆர் ஓடுபாதைக்கு ஐ.எல்.எஸ் அப்ரோச், அதாவது ரேடியோ கற்றைகளைப் பிடித்து இறங்குவது. பனிமூட்டம், பார்வைத் தூரம் 4,500 மீட்டர், மேகம் 1,000 அடிக்கும் கீழே வரை. விமானம் 2,000 அடியில், 210 டிகிரி திசையில் வந்து லோக்கலைசரை (ஓடுபாதையின் நேர்கோட்டைக் காட்டும் கற்றை) பிடித்தது ஓடுபாதைக்கு ஐந்தரை கடல் மைல் இருக்கும்போது. அந்தத் தூரத்தில் 3 டிகிரி கிளைட் ஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும் கற்றை) சுமார் 1,800 அடியில் இருக்கும். ஆகவே இவர்கள் சரிவுக்கு மேலே. மேலேயிருந்து எட்டிப் பிடிக்க நிமிடத்துக்கு 1,400 அடி இறக்கம் வைத்தார்கள். அவ்வளவு இறக்கத்தில், வேகத்தையும் குறைத்துக்கொண்டு வரும்போது த்ராட்டில் எங்கே இருக்க வேண்டும்? ஐடிலில்தான். பார்க்கிற யாருக்கும் சந்தேகம் வராது.

அதே நேரத்தில் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் (தரையிலிருந்து உயரத்தை அளக்கும் கருவி) மைனஸ் 8 அடி காட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் இறங்கி, ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கத் தட்டு) 15 போட்டாயிற்று. விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோத்ராட்டிலுக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்: ஃபிளாப் 12.5 டிகிரிக்கு மேல், உயரம் 27 அடிக்குக் கீழ் என்றால் தரை வந்துவிட்டது, விசையை மூடு. மூடியது. 1,950 அடியில்! வெளியே தெரிந்த ஐடிலுக்கு நியாயமான ஒரு காரணம், உள்ளே தப்பான ஒரு காரணம். லீவர் நின்ற இடம் என்னவோ ஒன்றுதான்.

900 அடி வாக்கில் ஃபிளாப் 40, பிடிக்க வேண்டிய இலக்கு வேகம் 144 நாட் (மணிக்குக் கடல் மைல்). அதுவரை வேகம் கூடுதலாகத்தான் இருந்தது. 144க்குக் கீழே இறங்கியது 750 அடி வாக்கில். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) நெருங்குகிறது என்று கைப்பிடியை ஆட்டி எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் உதறியது 460 அடியில். இடையில் 290 அடி. நிமிடத்துக்கு 700 சொச்சம் அடி இறக்கத்தில் அது 25 நொடிகூட வராது. நூறு எங்கே, 25 எங்கே?

இவ்வளவு நேரமும் வலது ரேடியோ ஆல்டிமீட்டர் சரியான உயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை ஏன் ஆட்டோத்ராட்டில் கேட்கவில்லை? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

#2 மானுவல் முருகன்

ஆரம்பிச்சுட்டாரு பருந்தார். விமானி பேரை எடுத்தாலே இவருக்குப் பொறுக்காது.

சரி, 25 நொடின்னே வச்சுக்குவோம். அது கம்மியா? கருவி பாத்து இறங்குறப்ப கண்ணு ஒரு சுத்து சுத்தி வேகத்துக்குத் திரும்ப ரெண்டு மூணு நொடி. 25 நொடில எட்டு தடவையாவது வேகம் கண்ணுல பட்டிருக்கணும். மூணு பேரு உக்காந்திருக்காங்க, எட்டு மூணு இருபத்தி நாலு. அத்தனை தடவையும் தவறிப்போச்சாம், பழி மட்டும் பெட்டி மேல.

144ல இருக்க வேண்டியது 107க்கு வந்துருச்சு. நொடிக்கு ஒன்றரை நாட் கீழ போவுது. வேகப் பட்டைல போக்கு காட்டுற அம்பு கீழ நீண்டு நிக்கும். மூக்கு மேல ஏறிக்கிட்டே வருது. இதெல்லாம் இடது ரேடியோ ஆல்டிமீட்டர் பண்ணுன மாயமா? வேகமானி ரெண்டும் சரியாத்தானே வேலை செஞ்சுது? இதுக்கு நீங்க பதில் சொல்லுங்க முதல்ல.

அப்புறம் எஃப்.எம்.ஏ., எந்த மோடு ஓடுதுன்னு திரையில காட்டுற வரி. அதுல "ரிடார்ட்"னு பச்சையா எழுதி இருந்துச்சு, அதாவது லீவர் பின்னாடி போவுதுன்னு. ரெண்டாயிரம் அடில ரிடார்ட். ஒருத்தர் வாயத் தொறந்து படிச்சிருந்தா கதை முடிஞ்சுது.

#3 கிளைட்ஸ்லோப்

இருவரும் மறந்த ஒன்று: ஐந்தரை மைல். ஸ்கிப்போலில் அன்றிருந்த நடைமுறைப்படி கட்டுப்பாட்டாளர் 6.2 மைலுக்கு உள்ளே திருப்பிவிடுவதென்றால் விமானத்தை 2,000 அடிக்குக் கீழே இறக்க அனுமதி தர வேண்டும். குறுகலான திருப்பத்துக்கு விமானி சம்மதமா என்றும் கேட்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அதனால்தான் மேலேயிருந்து பிடிக்கும் நிலை வந்தது, அதனால்தான் ஐடில் இயல்பாகத் தெரிந்தது. கீழேயிருந்து பிடித்திருந்தால் சமதளத்தில் 2,000 அடியில் பறக்கும்போதே விசை மூடியிருக்கும், வேகம் அங்கேயே சரிந்திருக்கும், பதறி எழுந்திருப்பார்கள். கையில் 2,000 அடி மிச்சம் இருந்திருக்கும்.

#4 சோழவந்தான் பருந்து

கிளைட்ஸ்லோப் சொல்வது சரி. ஆனால் அது என் கேள்விக்குப் பதில் இல்லை. வலது ரேடியோ ஆல்டிமீட்டரை ஏன் கேட்கவில்லை?

முருகன் சார், "ரிடார்ட்" பற்றிப் பேசினீர்கள், நன்றி. 737இல் அந்த ஒரே வார்த்தை இரண்டு வேலைக்கு வருகிறது என்பதைச் சொல்லாமல் ஏன் விட்டீர்கள்? லெவல் சேஞ்ச், வி.நேவ் என்ற ஆட்டோபைலட் மோடுகளில் இறங்கத் தொடங்கினால் லீவர் பின்னால் போகும்போது வருவதும் "ரிடார்ட்". தரை தொடும் முன் மூக்கைத் தூக்கும் ஃப்ளேரில் வருவதும் "ரிடார்ட்". விசையைக் குறைத்து இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தில் அது எழுதியிருந்தால் எந்த விமானிக்கு மின்சாரம் தாக்கும்? "பச்சையாக எழுதியிருந்தது" என்று சொல்வதற்கு முன் எதை எழுதியிருந்தது என்று பாருங்கள்.

மைனஸ் 8 என்ற எண்ணோடு "இது சரியான தரவு" என்ற முத்திரையும் சேர்ந்து போயிற்று. அதுதான் கொடுமை. "பழுது" என்று முத்திரை வந்திருந்தால் ஆட்டோத்ராட்டில் வலது பக்கத்துக்குத் தாவியிருக்கும். தாவும் வசதி இருந்தது! ஒப்பிட்டுப் பார்க்கும் வசதிதான் இல்லை. இடதில் மைனஸ் 8, வலதில் 1,950. ஒரு மனிதனிடம் காட்டினால் அரை நொடியில் சிரிப்பான்.

#5 ஏ320 விசிறி

இதுக்குத்தான் ஏர்பஸ்ல போங்கன்னு சொல்றது. ஆல்ஃபா ஃப்ளோர்னு ஒண்ணு இருக்கு. வேகம் செத்தா தானே முழு விசை போட்டுக்கும். 😎 போயிங் ரசிகர்கள் அழலாம்.

#6 மானுவல் முருகன்

யோவ் விசிறி, நீ ஓரமா இரு. இது பெரியவங்க பேச்சு.

பருந்தாரே, ரெண்டு வேலைக்கு வர்ற வார்த்தைன்னா சந்தேகம் கூடணுமா குறையணுமா? அவங்க அப்ப இருந்தது லெவல் சேஞ்சும் இல்ல, வி.நேவும் இல்ல. வெர்டிகல் ஸ்பீடு வச்சு இறங்குனாங்க, அப்புறம் கிளைட் ஸ்லோப் பிடிச்சாச்சு. அந்த மோடுல ஆட்டோத்ராட்டில் கட்டத்துல "எம்.சி.பி ஸ்பீடு"தான், அதாவது விமானி வச்ச வேகத்தைப் பிடின்னு, நிக்கணும். "ரிடார்ட்"னு நின்னா அது தப்பு. 737 ஓட்டுற யாரும் இதைத் தூக்கத்துல சொல்லுவாங்க.

இன்னொண்ணு சொல்றேன், இதுக்கு நீங்க எங்க ஓடுவீங்கன்னு பாக்குறேன். இடது ரேடியோ ஆல்டிமீட்டர் கெட்டுருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். 8,000 அடிக்கு மேலயே "சக்கரம் இறக்கலை"ன்னு எச்சரிக்கை ஒலி கத்துச்சு. கேப்டன் "ரேடியோ ஆல்டிமீட்டர்"னு சொன்னது குரல் பதிவுல இருக்கு. அவர் கண்ணு முன்னாடி திரையில மைனஸ் 8. தெரிஞ்சும் ஆட்டோத்ராட்டிலை நம்பி உக்காந்திருந்தா அது யார் குத்தம்?

#7 சோழவந்தான் பருந்து

ஓடவில்லை. இங்கேயேதான் நிற்கிறேன்.

ரேடியோ ஆல்டிமீட்டர் பழுது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று பறக்கும்போது புரட்டும் க்யூ.ஆர்.ஹெச் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தது? இல்லை. கிளம்பும் முன் பழுது தெரிந்தால் "அப்ரோச்சிலும் தரையிறங்குவதிலும் அந்தப் பக்கத்து ஆட்டோபைலட்டும் ஆட்டோத்ராட்டிலும் பயன்படுத்தாதே" என்ற எச்சரிக்கை 2004லிருந்தே இருந்தது. எங்கே? தரையில் நின்று படிக்கும் டிஸ்பாட்ச் வழிகாட்டியில். ஆக, தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது. 2,000 அடியில் இருப்பவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்தது. ஓட்டியவர் வலது இருக்கையில் இருந்த முதல் அதிகாரி. போட்டிருந்தது ஆட்டோபைலட் பி. அது வலது ரேடியோ ஆல்டிமீட்டரை வாங்கும். அதாவது ஆட்டோபைலட் 1,950 அடியில் பறக்கிறது, ஆட்டோத்ராட்டில் மைனஸ் 8 அடியில் இறங்கிவிட்டது. ஒரே விமானம்! வலது பக்கத்து ஆட்டோபைலட் போட்டிருக்கும்போது எல்லாமே வலது பக்கத்திலிருந்து வரும் என்று ஒரு விமானி நினைத்தால் அது முட்டாள்தனமா? ஆட்டோத்ராட்டில் எப்போதும் இடதைத்தான் முதலில் கேட்கும் என்று விமானிகளுக்கான கையேட்டில் சொல்லப்படவில்லை. கோளாறு தெரிந்தது, கோளாறு எதைத் தொடும் என்பது தெரியாது.

ஏ320 விசிறிக்கு: ஆல்ஃபா ஃப்ளோர் அப்ரோச்சில் 100 அடிக்குக் கீழே வேலை செய்யாது. அந்த 100 அடியை அளப்பது எது தெரியுமா? ரேடியோ ஆல்டிமீட்டர். கொஞ்சம் படித்துவிட்டு வரவும்.

#8 சீட் 22ஏ

ஒரு சின்ன வேண்டுகோள். "காரணம்", "குற்றம்", "பழி" மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். ஐகாவ் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) இணைப்பு 13இன்படி விபத்து விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது மட்டுமே, பழி சுமத்துவது இல்லை. யார் எந்தப் பொருளில் பேசுகிறீர்கள் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதி சண்டை தீரும். "நூறு நொடி"யும் அப்படித்தான்: எதிலிருந்து எதுவரை என்று...

#9 மானுவல் முருகன்

100 நொடி லீவர் பின்னாடி கிடந்துச்சு. இதை பருந்தாரே ஒத்துக்கிட்டாரு, #1லயே இருக்கு. அப்புறம் என்ன?

போயிங்ல லீவர் அசையும். ஏர்பஸ் மாதிரி ஒரே இடத்துல நிக்காது. கை வச்சிருந்தா தெரியும். கிளைட் ஸ்லோப்ல உக்காந்து ஃபிளாப் 40 போட்ட பிறகு அந்த விமானத்துக்கு நல்லா விசை வேணும். லீவர் எழுந்து முன்னாடி வரணும். வரல. கையில உணர்ச்சி இல்லையா?

#10 சோழவந்தான் பருந்து

ஒத்துக்கொண்டேன் என்று எங்கே படித்தீர்கள்? லீவர் கிடந்தது வேறு, வேகம் குறைந்தது வேறு என்பதுதான் #1. இரண்டாம் முறை சொல்கிறேன்: 750 அடியில் 144. 460 அடியில் ஷேக்கர். 25 நொடி. மூன்றாம் முறையும் சொல்லத் தயார்.

அந்த 25 நொடியில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தரையிறங்கும் செக்லிஸ்ட். அந்த முதல் அதிகாரிக்கு 737இல் 44 மணி நேரம்தான் அனுபவம். கேப்டன் பயிற்றுநர், பின்னால் ஒரு சேஃப்டி பைலட். அவரும் அந்தக் கட்டத்தில் கேபின் பணியாளருக்குத் தகவல் சொல்லும் வேலையில். ஐந்தரை மைலில் திருப்பியதால் எல்லா வேலையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக்கொண்டது.

#11 மானுவல் முருகன்

அப்பாடா, வாயிலிருந்தே வந்துருச்சு! மேகத்துக்குள்ள இருந்தா 1,000 அடிக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கணும்: ஃபிளாப், வேகம், விசை, செக்லிஸ்ட். முடியலன்னா கோ அரவுண்ட், இறங்காம மேல ஏறிடணும். அது அந்த நிறுவனத்தோட சொந்த விதி. 1,000 அடில ஃபிளாப் 40 கூட வரல, விசை ஐடில், செக்லிஸ்ட் 500 அடிக்குக் கீழ ஓடிட்டிருக்கு. 1,000 அடில மேல ஏற விசை போடுற டோகா பட்டனைத் தட்டிருந்தா மைனஸ் 8ஆவது மைனஸ் 80ஆவது? இன்னொரு சுத்து சுத்தி வந்திருப்பாங்க.

இதுக்கு வலது இடதுன்னு சொல்லாம பதில் சொல்லுங்க.

#12 சோழவந்தான் பருந்து

அது வேறு விஷயம்.

#13 மானுவல் முருகன்

😂😂😂 "அது வேறு விஷயம்". ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சாச்சு.

#14 சோழவந்தான் பருந்து

எடுத்து வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். கோழிக்கோடு இழையில் வைப்பர் பழுதைப் பற்றிக் கேட்டபோது ஒரு மாதம் காணாமல் போனவர் நீங்கள். அந்த ஸ்க்ரீன்ஷாட் என்னிடமும் இருக்கிறது.

1,000 அடியில் கோ அரவுண்ட் செய்திருக்க வேண்டும் என்பதை டச்சு பாதுகாப்பு வாரியமே 2010 அறிக்கையில் சொல்லிவிட்டது. நான் அதை மறுக்கவே இல்லையே. ஆனால் நிலைப்படாத அப்ரோச்சைத் தொடர்ந்து சிக்கலின்றி இறங்குகிற விமானங்கள் உலகத்தில் தினமும் உண்டு. அவை விழவில்லை, இது விழுந்தது. வித்தியாசம் என்ன? இடது ரேடியோ ஆல்டிமீட்டர்.

#15 ஏ320 விசிறி

படிச்சிட்டு வந்துட்டேன். ஏர்பஸ்ல கம்ப்யூட்டர் ஒண்ணை ஒண்ணு சரிபார்க்கும், ஒத்தைச் சென்சாரை நம்பாது. போயிங்தான் ஒத்தைச் சென்சார் கம்பெனி. 2009ல ரேடியோ ஆல்டிமீட்டர், 2018ல 737 மேக்ஸ். பழக்க தோஷம்.

#16 சோழவந்தான் பருந்து

ஏ320 விசிறி முதன்முறையாகப் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். ஒற்றைச் சென்சார் பற்றி அவர் சொன்னது சரி. 2018 அக்டோபர் 29 லயன் ஏர், 2019 மார்ச் 10 எத்தியோப்பியன். அங்கேயும் ஒரு பக்கத்து ஆங்கிள் ஆஃப் அட்டாக் சென்சாரை (காற்றுக்கு இறக்கை சாயும் கோணத்தை அளப்பது) மட்டும் நம்பி மூக்கைத் தானே இறக்கிய எம்காஸ் மென்பொருள், மறு பக்கத்தில் சரியான எண். பத்து வருடம் கழித்தும் அதே கணக்கு.

ஏர்பஸ்ஸைப் பற்றிச் சொன்னதுதான் அபத்தம். 2008 நவம்பர் 27, பிரான்சின் பெர்பின்யான், ஏ320. மூன்று ஆங்கிள் ஆஃப் அட்டாக் சென்சார்கள். இரண்டு தண்ணீர் உறைந்து ஒரே கோணத்தில் நின்றன. கணினி ஓட்டெடுப்பு நடத்தி, சரியாக இருந்த மூன்றாவதைத் தள்ளிவைத்தது. ஏழு பேர் இறந்தார்கள். மூன்று இருந்தாலும் ஆபத்து உண்டு, ஒன்றே என்றால் கேட்கவே வேண்டாம்.

டச்சு வாரியம் 2009இல் பேராசிரியர் சிட்னி டெக்கரிடம் ஓர் ஆய்வு எழுதி வாங்கியது. வடிவமைப்பின் பங்கை அது அழுத்திச் சொன்னது. வாரியம் அதை வெளியிடவில்லை. 2020 ஜனவரியில், மேக்ஸ் விவகாரத்துக்குப் பிறகு பத்திரிகையில் செய்தி வந்த பின்தான் வெளியே விட்டார்கள். பத்து வருடத்துக்கும் மேல் மேசை இழுப்பறையில். இதைப் பற்றி முருகன் என்ன சொல்வார்?

#17 மானுவல் முருகன்

பேராசிரியர் எழுதினா வேதமா? தரையில உக்காந்து எல்லாத்துக்கும் "அமைப்பு"ன்னு எழுதலாம். அறிக்கையில பெட்டி கோளாறும் இருக்கு, விமானிகள் வேகத்தைக் கவனிக்காததும் இருக்கு, ரெண்டும் ஒரே பத்திலதான் இருக்கு. நீங்க ஒரு வரியை வாசிச்சுட்டு புத்தகத்தை மூடிடுவீங்க.

#18 ஹேங்கர் ராஜா

மேலே ஓட்டுபவர்களும் ஒட்டுபவர்களும் பேசி முடித்தால் கீழே ஸ்பேனர் பிடிப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் வரலாமா?

மைனஸ் 8 எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரேடியோ ஆல்டிமீட்டர் 4,200 முதல் 4,400 மெகாஹெர்ட்ஸ் வரை அலைவரிசையை ஏற்றி இறக்கி அனுப்பும். தரையில் பட்டுத் திரும்பும் அலைக்கும் அப்போது அனுப்பும் அலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உயரம். வயிற்றுப் பகுதியில் அனுப்பும் ஆன்டெனா ஒன்று, வாங்கும் ஆன்டெனா ஒன்று. கேபிள் நீளத்துக்கும் ஆன்டெனா தரைக்கு மேலே நிற்கும் உயரத்துக்கும் முன்கூட்டியே கழித்து வைத்திருப்பார்கள், சக்கரம் தொடும்போது பூஜ்யம் வர வேண்டும் என்பதற்காக. இப்போது அனுப்பும் ஆன்டெனாவின் அலை தரைக்கே போகாமல் நேராகப் பக்கத்து ஆன்டெனாவுக்குள் புகுந்தால்? தூரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதிலும் கழித்தால் மைனஸ். கருவிக்கு அது நல்ல வலுவான சிக்னல். அதனால்தான் "பழுது" முத்திரை விழவில்லை.

ஈரமும் துருவும் சந்தேகப்பட்டு ஆன்டெனாவை மாற்றினார்கள், கேஸ்கெட் போட்டார்கள், பெட்டியை மாற்றினார்கள். கோளாறு போய்ப் போய் வந்தது. இந்த விமானத்திலேயே முந்தைய எட்டுப் பறத்தலில் இரண்டு முறை இதே கோளாறு வந்தது ரெக்கார்டரில் இருந்தது. உறுதியான மூலகாரணம் விசாரணையில் கிடைக்கவில்லை. டெக் லாக்கில் (கோளாறுக் குறிப்பேட்டில்) எழுதாமல் இறங்கிப் போனால் மெக்கானிக்குக் கனவா வரும்? எழுதுவது கேப்டனின் வேலை.

#19 மானுவல் முருகன்

கேட்டுக்கோங்க. எழுதுறதுகூட கேப்டன் வேலை. நன்றி ராஜா அண்ணே.

#20 ஹேங்கர் ராஜா

உங்களுக்கு ஆதரவாக நான் சொல்லவில்லை தம்பி. தரையில் சோதித்தால் நன்றாக வேலை செய்யும், "கோளாறு காணப்படவில்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். இரண்டு பக்கத்துப் பெட்டியையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், கோளாறு பெட்டியோடு போகிறதா கேபிளோடு நிற்கிறதா என்று. பறக்கும்போது மட்டும் வரும் கோளாறை ஹேங்கரில் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்த இடத்தில் தட்டச்சு செய்பவர்களுக்கு விளங்காது.

#21 சோழவந்தான் பருந்து

ராஜா அண்ணன் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை: "கருவிக்கு அது நல்ல வலுவான சிக்னல்." ஆகவே கருவி தன்னைத்தானே பிடிக்க முடியாது. பக்கத்துக் கருவியோடு ஒப்பிட்டால்தான் பிடிக்க முடியும். பிறகு வந்த ஆட்டோத்ராட்டில் கணினியில் அந்த ஒப்பீட்டைப் போட்டார்கள்: இரண்டுக்கும் 20 அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் ரிடார்ட் ஃப்ளேருக்குப் போகாதே. இருபதே அடி! இங்கே வித்தியாசம் 1,958 அடி. பழைய கணினி இருந்த விமானங்கள் பழையபடியே பறந்தன.

இனிமேலாவது முருகன் பதில் சொல்லட்டும்: ஒப்பீடு தேவையில்லை என்றால் பிறகு ஏன் போட்டார்கள்?

#22 கிளைட்ஸ்லோப்

ஒப்பீடு இருந்திருந்தாலும் ஐந்தரை மைல்...

#23 மானுவல் முருகன்

ஒப்பீடு வேணாம்னு நான் எங்க சொன்னேன்? போடட்டும், நூறு போடட்டும். வேகத்தைப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

இப்ப கடைசி ஒன்பது நொடிக்கு வாங்க. அதை பருந்தார் தொடவே மாட்டேங்குறாரு. 460 அடில ஷேக்கர் உதறுது. முதல் அதிகாரி ஒரு நொடிக்குள்ள லீவரைத் தள்ளுறாரு, மூக்கை இறக்குறாரு. சரியான வேலை. கேப்டன் "நான் எடுத்துக்கறேன்"ங்குறாரு. முதல் அதிகாரி கையை எடுக்குறாரு. லீவர் திரும்பப் பின்னாடி போயிடுது. கேப்டன் முழு விசை வைக்குறது ஷேக்கர் ஆரம்பிச்சு ஒன்பதாவது நொடில. அதுக்குள்ள ஸ்டால். ஷேக்கர் வந்த உடனே முழு விசை போட்டிருந்தா மீண்டிருக்கலாம்னு அறிக்கையே சொல்லுது. ஒன்பது நொடி! இதுலயும் இடது ரேடியோ ஆல்டிமீட்டரா?

#24 சோழவந்தான் பருந்து

ஆமாம். இதிலும் அதுதான். லீவரைப் பின்னால் இழுத்தது யார்? பேயா? ஆட்டோத்ராட்டில் இன்னும் ரிடார்டில்தான் இருந்தது. முதல் அதிகாரி பாதி வழி தள்ளியதை அது இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் சரியாகத்தான் செய்தார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மனிதன் சரியாகச் செய்ததைப் பெட்டி அழித்தது. #23ஐ நீங்களே மறுபடி படியுங்கள், அது என் கட்சிக்கான வாதம்.

அதோடு ஆட்டோபைலட் கிளைட் ஸ்லோப்பைப் பிடித்து நிற்க மூக்கைத் தூக்கித் தூக்கி ட்ரிம்மையும் (வால் தட்டின் அமைப்பு) மேல்நோக்கி ஓட்டி வைத்திருந்தது. இறக்கைக்குக் கீழே தொங்கும் எஞ்சினில் முழு விசை வந்தால் மூக்கு இன்னும் எழும். ஐடிலிலிருந்து கோ அரவுண்ட் விசைக்கு வர எட்டு நொடி வரை சான்று விதியே அனுமதிக்கிறது. எண்ணிப் பாருங்கள் எத்தனை நொடி மிச்சம் என்று.

#25 மானுவல் முருகன்

இழுத்துச்சுன்னா கையை எடுக்காம பிடிச்சிருக்கணும், டிஸ்கனெக்ட் பட்டனை அமுக்கணும். பட்டன் லீவர்லயே இருக்கு, கட்டைவிரல் பக்கத்துல. கேப்டன் ஆட்டோத்ராட்டிலைத் துண்டிச்ச பிறகும் லீவர் ஆறேழு நொடி ஐடில்லயே கிடந்துச்சே, அப்ப இழுத்தது யாரு? துண்டிச்ச பிறகு பெட்டி இழுக்காது பருந்தாரே. நீங்க சொன்ன பேய்தான் போல.

#26 ஏ320 விசிறி

செம பாயிண்ட் முருகன் அண்ணே 🔥 அசையாத லீவரா இருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல, ஏர்பஸ்...

#27 மானுவல் முருகன்

உன்னை ஓரமா இருக்கச் சொன்னேன்ல?

#28 சோழவந்தான் பருந்து

அந்த ஆறேழு நொடியில் அவர் முழு விசை ஏற்கெனவே போய்விட்டது என்று நினைத்திருக்கலாம். முதல் அதிகாரி தள்ளியதைக் கண்ணால் பார்த்தார், பின்னால் போனதைப் பார்க்கவில்லை. 460 அடியில், உதறும் யோக்கில் (ஓட்டும் கைப்பிடி) கை இருக்கும்போது.

குறைந்த வேகத்துக்குக் காதில் கேட்கும் எச்சரிக்கை வேண்டும் என்று வாரியமே பரிந்துரைத்தது. ஏன்? அதுவரை இல்லை என்பதால். சக்கரத்துக்குக் கத்தத் தெரிந்த விமானத்துக்கு வேகத்துக்குக் கத்தத் தெரியாது. வரும் வழியில் அது கத்தியதெல்லாம் பொய்யான சக்கர எச்சரிக்கை. பொய்க்குச் சத்தம், உண்மைக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம்.

#29 சீட் 22ஏ

#8இல் கேட்ட வரையறைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை. இறந்த ஒன்பது பேரில் மூன்று விமானிகளும் ஒரு கேபின் பணியாளரும் ஐந்து பயணிகளும் அடக்கம், கொஞ்சம் நிதானமாகப் பேசலாமே.

#30 களநெறியாளர்

தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். #14, #27 திருத்தவும். கோழிக்கோடு விவாதத்துக்குத் தனி இழை உண்டு. ஏர்பஸ்-போயிங் சண்டைக்கும் தனி இழை உண்டு, அங்கே போகவும்.

#31 சோழவந்தான் பருந்து

#14இல் தாக்குதல் என்ன இருக்கிறது? நடந்ததைச் சொன்னேன். #2இல் என்னைச் சொன்னதற்கு நெறியாளர் கண் தெரியவில்லையா? சென்ற வருடம் ஏர் பிரான்ஸ் 447 இழையிலும் இதே ஓரவஞ்சனைதான்.

முருகனுக்கு இன்னொரு கேள்வி. விபத்து நடந்து ஒரு வாரத்துக்குள், 2009 மார்ச் தொடக்கத்தில், போயிங் எல்லா 737 நிறுவனங்களுக்கும் செய்தி அனுப்பியது: பிரதான கருவிகளைக் கவனியுங்கள், ரேடியோ ஆல்டிமீட்டர் சந்தேகம் என்றால் அப்ரோச்சில் ஆட்டோபைலட், ஆட்டோத்ராட்டில் போடாதீர்கள் என்று. ஒரு வாரத்தில் அனுப்ப முடிந்ததை 2004இல் ஏன் அனுப்பவில்லை?

#32 மானுவல் முருகன்

"பிரதான கருவிகளைக் கவனியுங்கள்". நீங்களே எழுதிட்டீங்க. முதல் வரியே அதான். வேகமானி பிரதான கருவியா இல்லையா?

#33 ஹேங்கர் ராஜா

இருவருக்கும் பொதுவாக ஒரு கேள்வி: 18ஆர் ஓடுபாதைக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னால் உழுத வயலில் விழுந்து மூன்றாக உடைந்தும் தீப்பிடிக்கவில்லை. எஞ்சின் இரண்டும் பெயர்ந்து முன்னால் போய் விழுந்தன. 126 பேர் பிழைத்ததற்கு அது எவ்வளவு காரணம் என்று யாராவது எழுதினால் படிப்பேன். இந்த வலது இடது...

#34 சோழவந்தான் பருந்து

அதற்குத் தனி இழை போடுங்கள் அண்ணே, வருகிறேன். எஞ்சினை இறக்கையோடு பிடிக்கும் பைலானில் உடைய வேண்டிய முள் எது, எரிபொருள் குழாய் எங்கே அறும் என்று பேச நிறைய இருக்கிறது. ஆனால் இங்கே முருகன் #21க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

#35 மானுவல் முருகன்

#23லயே சொல்லியாச்சு. கண்ணாடி போட்டுப் படிங்க. நூறு நொடி லீவர் பின்னாடி.

#36 சோழவந்தான் பருந்து

25.

#37 மானுவல் முருகன்

100.

#38 கிளைட்ஸ்லோப்

ஐந்தரை மைல் பற்றிக் கட்டுப்பாட்டாளர் கையேட்டு விதியை முழுதாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். 8 மைலிலிருந்து 5 மைல் வரை எந்த நிபந்தனையில் திருப்பலாம் என்பது உட்பட. யாருக்காவது வேண்டுமா?

#39 ஏ320 விசிறி

பெர்பின்யான் பத்திப் படிச்சிட்டு வந்துட்டேன் பருந்து சார். அது சோதனைப் பறத்தல், கீழ் உயரத்துல வேணும்னே வேகத்தைக் குறைச்சாங்க. கழுவுறப்ப சென்சாருக்குள்ள தண்ணி விட்டதும் மனுசன்தான். அப்ப அது மட்டும் ஏர்பஸ் குத்தமா? 1951ல மட்டும் மனுசனுக்கு மன்னிப்பா?

#40 சோழவந்தான் பருந்து

விசிறி, அந்த இழைக்கு வாருங்கள், வைத்துக்கொள்கிறேன்.